தக்காளிச் செடிக்கு குச்சி ஊனுறது எப்படி? புதுசா தோட்டம் போடறவங்களுக்காக

தக்காளி நாத்து நட்டு ஒரு மாசம் ஆகியிருக்கும், செடி கும்முனு பச்சையா நிக்கும், அங்கங்க மஞ்சப் பூ எட்டிப் பாக்கும். அந்த நேரத்துல யாராவது வந்து குச்சி ஊனிட்டீங்களான்னு கேட்டா, இப்பத்தான் நல்லா நிக்குதே, சாஞ்சா அப்புறம் பாத்துக்கலாம்னு நமக்குத் தோணும். புதுசா தோட்டம் போடற முக்காவாசி பேர் கோட்டை விடற எடம் இதுதாங்க. நானும் மொத வருசம் அப்படித்தான் விட்டேன்.

எங்களுக்கு கிணத்துக்கடவு பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா எங்க மேல வந்துதான் மோதும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு ஊரெல்லாம் சொல்றத நாங்க வருசா வருசம் கண்ணால பாக்கறவங்க. வீட்டுக்குப் பின்னாடி 22 செடி வச்சிருந்தேன், ஒண்ணொண்ணுலயும் பிஞ்சும் காயுமா கொத்துக் கொத்தா தொங்குது, ஒரு ராத்திரி காத்தோட சாரலும் சேந்து அடிச்சுது, விடிஞ்சு போய் பாத்தா எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கெடக்கு. அவசரத்துல தூக்கி நிறுத்தப் போனதுல நாலு செடி அடித்தண்டோட முறிஞ்சுது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்னு அன்னைக்கே குச்சி எடுத்துட்டு வந்து தண்டை ஒட்டி அடிச்சேன், அதுல வேர் அறுந்து இன்னும் மூணு செடி ரெண்டே நாள்ல வாடிப்போச்சு. அப்ப பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்புல நின்னு பாத்துட்டு, "குச்சிய மொதல்ல நடு கண்ணு, நாத்த அப்புறம் வெய்யி"ன்னார். அன்னைலேருந்து நான் அப்படித்தான் பண்றேன், இந்த எட்டு வருசத்துல காத்துக்கு ஒரு செடியக்கூட குடுக்கல.

குச்சி ஊனறது இன்னைக்கு முக்கால் அடி ஒசரத்துல நிக்கற நாத்துக்காகன்னு நெனைக்காதீங்க. இன்னும் 70 நாள் கழிச்சு மூணு நாலு கிலோ காயைத் தூக்கிட்டு, எலையெல்லாம் மழைத்தண்ணியில நனைஞ்சு கனத்துப்போயி, காத்துல ஆடப்போற செடிக்காக ஊனறோம். எந்தக் குச்சி, எவ்வளவு ஆழம், எந்தக் கயிறுன்னு கீழ சொல்றது எல்லாமே அந்தச் செடிய மனசுல வச்சுத்தான்.

சாயாம இருக்கறது ஒரு லாபம், அவ்வளவுதானான்னா இன்னும் இருக்கு. தக்காளி மண்ணுல படுத்துதுன்னா காய் அடிப்பக்கம் ஈரத்துல அழுகும், நத்தை கடிக்கும். மழைத்துளி மண்ணுல விழுந்து தெறிக்கறப்போ மண்ணுல கெடக்கற பூஞ்சாணம் அடி எலைல போய் ஒட்டிக்கும், இலைக்கருகல் பெரும்பாலும் அடி எலைலதான் மொதல்ல வட்ட வட்டமா தெரியறதுக்கு காரணம் அதான். செடி நிமிந்து நின்னா எலைக்கு நடுவுல காத்து பூந்து ஈரம் சீக்கிரம் காயும், நோய் கொறையும். மருந்து அடிக்கறது, வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கறது எதா இருந்தாலும் எலைக்கு அடிப்பக்கம் வரைக்கும் போய்ச் சேரும். காய் பறிக்கறப்போ செடியை மிதிக்க வேண்டியதில்ல.

மொதல்ல உங்க செடி எந்த ஜாதின்னு பாருங்க

எல்லாத் தக்காளிக்கும் ஒரே ஒசரக் குச்சி தேவையில்ல. ஒரு வகை புதர் மாதிரி வளந்து ஒரு ஒசரத்துல நின்னுரும், நுனியிலயே ஒரு பூங்கொத்து வந்து அதோட மேல போறது முடிஞ்சிரும், காயும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல பழுத்துரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில உருவாக்கின பிகேஎம் 1 நம்ம பக்கம் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கற ரகம், அன்னஞ்சி ரகத்துலேருந்து வந்தது, காம்புப் பக்கம் பச்சைத் திட்டோட தட்டையா இருக்குமே அதுதான். இந்த மாதிரி ஒசரம் போகாத செடிக்கு நாலு அடிக் குச்சி தாராளமா போதும். சில பேர் இதுக்கு குச்சியே வேண்டாம்பாங்க, வெயில் காலத்துல காஞ்ச செம்மண்ணுல அது சரியா இருக்கலாம், மழைக் காலத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னொரு வகை கொடி மாதிரி. நுனி வளந்துக்கிட்டே இருக்கும், பூங்கொத்து எல்லாம் தண்டோட பக்கத்துலதான் வரும், விட்டா ஆறு ஏழு அடியத் தாண்டிப் போகும். செர்ரி தக்காளி முக்காவாசி இந்த வகை. இதுக்கு ஏழு அடிக் குச்சி வாங்குங்க, ஒண்ணரை அடி மண்ணுக்குள்ள போயிரும், வெளிய அஞ்சரை அடி நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, பெங்களூர்ல இருக்கற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்கா ரக்ஷக் அந்த மாதிரி. புதரை விட ஒசரம், கொடியை விட கட்டை, ஆனா காய் பிடிப்பு ஜாஸ்தி. ஒசரத்தைப் பாத்து ஏமாந்துறாதீங்க, இதுக்குத்தான் தடிச்ச குச்சி வேணும். வெதை பாக்கெட்டுல ஜாதி போட்டிருப்பாங்க, நாத்தா வாங்கினா நர்சரியில கேளுங்க, அவங்களுக்கும் தெரியலைன்னா கொடின்னே வச்சுக்கிட்டு ஒசரமான குச்சியா ஊனிடுங்க. மிச்சம் இருந்தா வெட்டிக்கலாம், பத்தலைன்னா ஒட்ட முடியாது.

குச்சி வாங்கறது

எனக்குப் புடிச்சது சவுக்கு. கட்டட வேலைக்கு சாரம் கட்ட, பந்தல் போட சவுக்குக் கம்பு விக்கற எடத்துல, தடி கம்பு வெட்டினது போக நுனிப் பக்கம் மெலிசா கெடக்கும், அதைக் கேட்டா கொறைஞ்ச வெலைக்கே தருவாங்க. கட்டைவெரல் தடிமனுக்கு மேல, ஒரு இஞ்ச்லேருந்து ஒண்ணரை இஞ்ச் இருக்கணும். நேரா இருக்கும், மேல் பட்டை சொரசொரன்னு இருக்கறதால கயிறு கீழ வழுக்காது. மூங்கிலும் அருமையான சாமான்தான், ஆனா கடையில வெரல் தடிக்கு மெலிசா விக்கறாங்களே பச்சைப் பெயின்ட் அடிச்ச குச்சி, அது ரோஜாச் செடிக்குச் சரி, தக்காளிக்குப் பத்தாது. தைல மரக் குச்சியும் பரவால்ல.

வாங்கறப்போ ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. குச்சியை ரெண்டு கையாலயும் புடிச்சு நடுப்பகுதியை முழங்கால்ல வச்சு வளைங்க. லேசா வளைஞ்சு திரும்ப நேரா வந்தா எடுத்துக்கோங்க, சடக்குனு ஒரு சத்தம் கேட்டா உள்ள பூச்சி அரிச்சிருக்குன்னு அர்த்தம். மேல பொடி பொடியா மாவு மாதிரி கொட்டினாலும் வேண்டாம்.

வேண்டவே வேண்டாம்னு நான் சொல்றது பச்சையா வெட்டின முருங்கை, கிளுவை, பூவரசு, சீமை அகத்தி. வேலியில சும்மா கெடக்குதேன்னு ஆசையா இருக்கும், ஆனா இதெல்லாம் மண்ணுல ஊனினா தழைக்கற மரம். மூணாவது வாரம் குச்சியில தளிர் வரும், அடியில வேர் எறங்கும், நீங்க தக்காளிக்குப் போடற உரத்துலயும் தண்ணியிலயும் அது பங்கு கேக்கும். இரும்புக் கம்பி ஒறுதிதான், மொட்டை வெயில்ல சூடேறிப் போயி தண்டு படற எடம் வாடுது, கம்பிதான் இருக்குதுன்னா அதுமேல பழைய துணியைச் சுத்திட்டு உபயோகிங்க. அரை இஞ்ச் பிவிசி பைப் வில்லு மாதிரி வளைஞ்சிரும், முக்கால் இஞ்ச்சா இருந்து உள்ள ஒரு கம்பியும் சொருகினா நிக்கும். தென்னை மட்டையைச் சீவி ஊனறவங்க இருக்காங்க, ஒரு போகம் தாங்கும், அடுத்த மழைக்கு உளுத்துரும்.

குச்சியைத் தயார் பண்றது

இதை நிறைய பேர் பண்றதில்ல, பண்ணிப் பாருங்க, ஒரே குச்சி மூணு நாலு போகத்துக்கு வரும். அடிப்பக்கத்தை அருவாளால பென்சில் மாதிரி நாலு பக்கமும் சீவுங்க. பக்கக் கணுவெல்லாம் மழுங்கச் செதுக்கிடுங்க, அந்தக் கணு காத்துல ஆடற தண்டை ஒரசி ஒரசி புண்ணாக்கிரும், அந்தப் புண்ணு வழியாத்தான் அழுகல் உள்ள போகும்.

கரையான் தொந்தரவு இருக்கற மண்ணுன்னா மண்ணுக்குள்ள போற ஒண்ணரை அடியையும் நெருப்புல வாட்டி எடுங்க. வெறகு அடுப்புல திருப்பித் திருப்பிக் காட்டுனா மேல்தோல் கருகி கரியாகும், உள் மரம் வேகக்கூடாது, கறுத்த ஒடனே எடுத்து தண்ணி தெளிச்சு காய விட்டுருங்க. வேலிக்கால் நடறதுக்கு எங்க அப்புச்சி காலத்துலேருந்து பண்றதுதான் இது. கழிவு ஆயில் தடவச் சொல்லுவாங்க, காய்கறி வெளையற மண்ணுல அது எறங்கறது எனக்குப் புடிக்காததால நான் தடவறதில்ல.

மூங்கிலா இருந்தா இன்னொரு விசயம் கவனிக்கணும். மேல்பக்கத்தை கணுவுக்கு ஒட்டி மேல வெட்டுங்க. ரெண்டு கணுவுக்கு நடுவுல வெட்டிட்டா மேல ஒரு டம்ளர் மாதிரி ஓட்டை நிக்கும், மழைத்தண்ணி அதுல தேங்கி கொசு முட்டை போடும், டெங்கு வர்ற ஊர்ல நாமளே கொசுவுக்குத் தொட்டி கட்டி வச்ச மாதிரி ஆயிரும். ஏற்கனவே அப்படி வெட்டியிருந்தா களிமண்ணையோ சிமெண்ட்டையோ வச்சு அடைச்சிருங்க.

எப்ப, எங்க, எவ்வளவு ஆழம்

நாத்து நடற அன்னைக்கே, நாத்துக்கு முன்னாடி. வேர் இன்னும் பரவியிருக்காது, நீங்க எங்க அடிச்சாலும் சேதம் இல்ல. ஏற்கனவே நட்டுட்டீங்கன்னா ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிருங்க. அதுக்கும் மேல ஆயிருச்சுன்னா தண்டுலேருந்து ஆறு இஞ்ச் தள்ளி, அடிக்காம, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தித் திருகி எறக்குங்க, ஏதாவது தடுக்கற மாதிரி தெரிஞ்சா எடுத்துட்டு பக்கத்துல வேற எடம் பாருங்க.

முந்தின நாள் சாயங்காலம் பாத்திக்குத் தண்ணி விட்டுருங்க. காலைல கடப்பாரையால ஒண்ணரை அடி குழி போடுங்க, குச்சியை எறக்கி, சம்மட்டி இல்லைன்னா மரச் சுத்தியால மேல நாலு தட்டு தட்டி ஒக்கார வைங்க. குச்சித் தலைல நேரா இரும்புச் சுத்தியால அடிச்சா பொளந்துரும், ஒரு மரத்துண்டை மேல வச்சு அதும்மேல அடிங்க. அப்புறம் சுத்தி இருக்கற மண்ணை காலால நல்லா மிதிச்சு இறுக்குங்க. குச்சி மேல் நுனியைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க, குச்சி வளையணும், அடி அசையக் கூடாது. அடி அசைஞ்சா இன்னும் அரை அடி எறக்கணும்னு அர்த்தம். கரிசல் மண்ணுக்காரங்க காய்ஞ்ச நாள்ல இந்தச் சோதனைய நம்பாதீங்க, ஈரத்துல கரிசல் சேறு மாதிரி எளகிரும், நீங்க ரெண்டு அடியே எறக்குங்க.

குச்சிக்கும் நாத்துக்கும் நடுவுல மூணு இஞ்ச், அதாவது நாலு வெரல் அகலம். குச்சி எந்தப் பக்கம் இருக்கணும்னா காத்து வர்ற பக்கம். எங்க ஊர்ல ஆனி ஆடியில மேக்காலேருந்து அடிக்கும், அதனால குச்சி மேற்குப் பக்கம், செடி கிழக்குப் பக்கம். காத்து அடிச்சா செடி குச்சிய விட்டு வெளிய போகப் பாக்கும், கயிறு புடிச்சு நிறுத்தும். குச்சி மறுபக்கம் இருந்தா ஒவ்வொரு காத்துக்கும் தண்டு குச்சி மேல போய் மோதி ஒரசும். சென்னை, கடலூர், நாகை பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு நடறவங்க வடகிழக்குப் பக்கம் ஊனணும், காத்து அங்கேருந்துதான் வரும்.

மாடியில க்ரோ பேக்ல வச்சிருக்கறவங்களுக்கு

2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசாங்கம் ரேஷன் கடைல வச்சு வித்துச்சு பாருங்க, அப்ப எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேர் மாடியில தக்காளி வச்சாங்க. அவங்க எல்லாரும் வந்து கேட்ட ஒரே கேள்வி, பைக்குள்ள குச்சி நிக்கவே மாட்டேங்குதே என்ன பண்றது.

நிக்காதுங்க. பை ஒரு அடி ஆழம், உள்ள தேங்காய் நாரும் மண்புழு உரமும் பஞ்சு மாதிரி கெடக்கு, அதுல ஒத்தைக் குச்சி எதைப் புடிச்சு நிக்கும்? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மூணு குச்சி. பையோட உள் ஓரத்தை ஒட்டி முக்கோணமா மூணு குச்சியை அடி வரைக்கும் எறக்கி, மேல மூணையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிருங்க, செடி நடுவுல. அடிக்குச்சியைக் கூராக்காதீங்க, மொட்டையா வைங்க, கூரா இருந்தா பை ஓட்டையாகி கீழ தளம் ஓதமேறும். தேங்காய் நார் மட்டும் போட்டு ரொப்பாம மூணுல ஒரு பங்கு செம்மண்ணு கலந்தா பைக்கு கனம் கிடைக்கும், இல்லைன்னா தண்ணி காஞ்ச நாள்ல குச்சியும் செடியும் பையோட சேந்து உருண்டுரும். காத்து பலமா அடிக்கற மாடின்னா பையைச் சுத்தி நாலு செங்கல் அணைப்பு குடுங்க.

ரெண்டாவது வழி எனக்கு ரொம்பப் புடிச்சது. பைகளை வரிசையா கைப்பிடிச் சுவரை ஒட்டி வச்சு, ரெண்டு கோடியிலயும் கம்பம் நிறுத்தி, ஆறடி ஒசரத்துல ஒரு ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி) இறுக்கமா இழுத்துக் கட்டிருங்க. ஒவ்வொரு செடிக்கும் மேலேருந்து ஒரு சணல் கயிறைத் தொங்க விட்டு, கீழ் நுனியை தண்டு அடியில இறுக்காம ஒரு வளையமா போட்டு, செடி வளர வளர கயிறைத் தண்டைச் சுத்திச் சுத்திக் கொண்டு போங்க. பசுமைக்குடில்ல தக்காளி வளக்கறவங்க பண்ற முறைதான் இது. பைக்குள்ள குச்சி நிக்குமான்னு கவலையே இல்ல, பாரம் முழுக்க கம்பிக்குப் போயிரும். ஆனா கம்பத்தை தொட்டியில ஊனி நிறுத்தாதீங்க, சுவத்துல கிளாம்ப் அடிச்சு நிறுத்துங்க, பத்து செடி காயோட தொங்கறப்போ அந்தக் கம்பி மேல நாப்பது கிலோ வரைக்கும் பாரம் இருக்கும்.

கட்டறது

குச்சி நல்லா இருந்தும் கட்டறதுல கெட்டுப்போன செடி நிறைய பாத்திருக்கேன். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம், தண்டை அறுத்துரும். மெலிசான நைலான் நூலும் அப்படித்தான், தண்டு தடிக்கத் தடிக்க சதைக்குள்ள பதிஞ்சு, மேல இருக்கற செடி காரணமே தெரியாம வாடும். நல்லது எதுன்னா மெத்துனு, பட்டையா இருக்கற எதுவும். பழைய காட்டன் வேட்டி, சேலை கிழிச்ச நாடா, ஊறவச்ச வாழை நார், சணல். எங்க பக்கம் திருப்பூர் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில மிச்சமாகற துண்டுத் துணி, கிலோ கணக்குல கெடைக்குது, அதை ஒரு இஞ்ச் அகலத்துக்கு வெட்டி இழுத்தீங்கன்னா ரெண்டு ஓரமும் தானா சுருண்டு உருண்டையா கயிறு மாதிரி ஆகும், செடி காத்துல ஆடறப்போ அதுவும் கூட நீண்டு குடுக்கும், தண்டு தடிச்சாலும் எடங்குடுக்கும். இதை விட ஒசந்த சாமான் நான் இதுவரைக்கும் பாக்கல.

மொத கட்டு செடி ஒரு அடி ஒசரம் வந்தப்போ, நட்டு பதினஞ்சு இருபது நாள்ல இருக்கும். எட்டு போட்டுக் கட்டணும். நாடாவை மொதல்ல குச்சியைச் சுத்தி ஒரு சுத்து சுத்தி இறுக்கமா ஒரு முடிச்சு, இந்த முடிச்சு குச்சியை விட்டு வழுக்கக் கூடாது. அப்புறம் ரெண்டு நுனியையும் குச்சிக்கும் தண்டுக்கும் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணா குறுக்க மாத்துங்க. அதுக்கப்புறம் தண்டைச் சுத்திக் கொண்டு வந்து லூசா முடிச்சு போடுங்க. மேலேருந்து பாத்தா எட்டு மாதிரி தெரியும், ஒரு ஓட்டையில குச்சி, இன்னொரு ஓட்டையில தண்டு, நடுவுல குறுக்க மாறின துணி ரெண்டையும் ஒட்ட விடாம நிக்கும். தண்டு இருக்கற ஓட்டைக்குள்ள உங்க சுண்டுவெரல் போகணும். போகலைன்னா அவுத்து மறுபடி கட்டுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

கட்டு எங்க ஒக்காரணும்னா ஒரு எலைக்காம்புக்கு நேர் கீழ. காம்பு மேல ஒக்காந்த மாதிரி நிக்கும், செடி கனத்துல கீழ வழுக்கிப் போகாது. பூங்கொத்துக்கு நேர் கீழ கட்டிறாதீங்க, நாளைக்கு அந்தக் கொத்துல காய் தொங்கறப்போ துணி மேல ஒரசி காம்பு நெளியும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஒரு சாண் வளத்திக்கும் ஒரு கட்டு. வாரத்துக்கு ஒரு நாளை வச்சுக்கோங்க, எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல, ஒரு சுத்து போனா வேலை முடிஞ்சிரும். கட்டி முடிச்சு கையைப் பாத்தா வெரல் எல்லாம் பச்சை மஞ்சளா கறை புடிச்சிருக்கும், அந்தத் தக்காளி எலை வாசம் சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. ஒரு செடியில எலை சுருண்டோ திட்டுத் திட்டாவோ இருந்தா அதைக் கடைசியாத் தொடுங்க, தொட்ட கையோட அடுத்த செடிக்குப் போகாதீங்க, சில வைரஸ் கை வழியாவே பரவும். பீடி சிகரெட் புடிச்சவங்க கை கழுவாம செடியைத் தொட வேண்டாம்னு சொல்றதும் அதுக்குத்தான்.

பக்கத் தளிரை என்ன பண்றது

எலைக்காம்பும் தண்டும் சேர்ற இடுக்குல ஒரு தளிர் வரும், அதை விட்டா இன்னொரு தண்டா வளரும், அதுலேருந்து இன்னும் நாலு. ஒத்தைக் குச்சி அத்தனையையும் தாங்காது. கொடித் தக்காளின்னா மொதப் பூங்கொத்துக்குக் கீழ வர்றது எல்லாத்தையும் கிள்ளிருங்க, கொத்துக்கு ஒட்டி அடியில வர்ற ஒண்ணை மட்டும் விட்டா ரெண்டு தண்டு ஆகும், ஒரு குச்சிக்கு ரெண்டு தண்டு சரியா இருக்கும். தளிர் ரெண்டு இஞ்ச் இருக்கறப்பவே வெரலால பக்கவாட்டுல சாச்சா படக்குனு வந்துரும், கத்திரி தேவையில்ல. பெருசான பெறகு பிச்சா தண்டோட தோல் சேந்து உரியும். பனி காஞ்சதுக்கு அப்புறம் காலைல பண்ணுங்க, பகல்லயே காயம் ஆறிரும். கிள்ளிப் போட்ட தளிரை ஈர மண்ணுல நட்டு நெழல்ல வச்சா வேர் விட்டு புதுச் செடி ஆயிரும், வீணாக்காதீங்க.

புதர் வகைல பக்கத் தளிரைக் கிள்ளாதீங்க. அதுலதான் முக்காவாசி காய் வரும், கிள்ளிட்டா வெளைச்சல் போச்சு. மண்ணுல படற அடி எலையை மட்டும் எடுங்க.

வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு எலையெல்லாம் வழிச்சு தண்டை மொட்டையா விடறவங்க இருக்காங்க, நம்ம வெயிலுக்கு அது சரிப்படாதுங்க. நெழல் போச்சுன்னா காயோட மேல்பக்கம் வெந்து வெள்ளைத் திட்டா, காகிதம் மாதிரி ஆயிரும். பங்குனி சித்திரையில நான் அடி எலையத் தவிர எதையும் தொடறதில்ல.

அம்பது நூறு செடி இருந்தா

அப்ப செடிக்கு ஒரு குச்சின்னு கட்டுப்படியாகாது. எங்க பக்கமும் சரி, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமும் சரி, வரிசை வரிசையா கம்பம் நட்டு கம்பி இழுத்துக் கட்டியிருக்கறதைப் பாத்திருப்பீங்க. வரிசையோட ரெண்டு கோடியிலயும் தடிச்ச கம்பத்தை ரெண்டடி ஆழத்துக்கு நட்டு, வெளிப்பக்கமா சாய்ச்சு முட்டு குடுக்கணும், ஏன்னா மொத்த இழுப்பும் அந்த ரெண்டு கம்பத்து மேலதான். நடுவுல பத்து அடிக்கு ஒரு கம்பம். அப்புறம் செடி ஒரு அடி வந்தப்போ கயிறை மொதக் கம்பத்துல கட்டி, செடிகளோட ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயி, ஒவ்வொரு கம்பத்துலயும் ஒரு சுத்து சுத்தி இறுக்கி, கோடி வரைக்கும் போய்த் திரும்பி மறுபக்கமா வந்து முடிச்சு போடுங்க. செடி ரெண்டு கயிறுக்கு நடுவுல வேலிக்குள்ள நிக்கற மாதிரி நிக்கும். முக்கா அடி வளந்ததும் மேல இன்னொரு சோடி. நாலு சோடி கயிறுல ஒரு போகம் முடிஞ்சிரும். இதுக்கு பனியன் நாடா ஆகாது, தொய்ஞ்சுரும், தடிச்ச பிளாஸ்டிக் கயிறுதான் சரி, தண்டை எதுவும் இறுக்கறதில்லங்கறதால பயம் இல்ல. இதுல பக்கத் தளிர் கிள்ளற வேலையும் கொறைவு, ஆனா கோடிக் கம்பத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அது ஒண்ணு சாஞ்சா வரிசையே சாயும்.

மழை காத்து அடிச்ச மறுநாள்

விடிஞ்சதும் மொத வேலையா குச்சியோட அடியைப் பாருங்க. குச்சியைச் சுத்தி மண்ணு விட்டு புனல் மாதிரி ஒரு இடைவெளி தெரிஞ்சுதுன்னா குச்சி ராத்திரி பூரா ஆடியிருக்கு. ஈரம் இருக்கறப்பவே மண்ணை அள்ளிப் போட்டு மிதிச்சு இறுக்குங்க, அப்படியே விட்டா அடுத்த காத்துக்கு அது நிக்காது.

செடி சாஞ்சுருந்தா நான் பண்ணின மாதிரி ஒடனே தூக்காதீங்க. கனமான காயில பாதியைப் பறிச்சு பாரத்தைக் கொறைங்க, பழுக்கற பருவத்துல இருந்தா வீட்டுக்குள்ள வச்சே பழுத்துரும். அன்னைக்கு பாதி தூரம் மட்டும் நிமித்தி ஒரு முட்டு குடுங்க, மறுநாளோ அதுக்கு மறுநாளோ மீதியைத் தூக்குங்க. ரொம்ப கெடையா கெடந்து நிமிர மாட்டேங்குதுன்னா, படுத்த தண்டு மேல மண்ணைக் குமிச்சு விட்டு நுனியை மட்டும் நிமித்திக் கட்டுங்க, தக்காளித் தண்டு மண்ணு பட்ட எடத்துலெல்லாம் வேர் விடும், பத்து பதினஞ்சு நாள்ல செடி புதுசா எழுந்துரும். தண்டுல உத்துப் பாத்தா சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியா பொடைச்சுக்கிட்டு இருக்கும் பாருங்க, வேர் கெளம்பத் தயாரா இருக்கற எடம் அதெல்லாம். தண்டு பாதி முறிஞ்சு தோல் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வச்சு துணியால சுத்திக் கட்டினா முக்காவாசி கூடிரும்.

போகம் முடிஞ்சு செடியைப் பிடுங்கினதும் குச்சியை அப்படியே மண்ணுல விட்டுறாதீங்க, கரையானுக்குத்தான் போகும். ஆட்டி ஆட்டி எடுத்து, மண்ணையும் ஒட்டியிருக்கற பழைய நாடாவையும் சுத்தமா தேச்சு எடுங்க. நோய் வந்த செடியோட குச்சியா இருந்தா, கடையில விக்கற ப்ளீச் திரவத்துல ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு கழுவிருங்க, அதைத் துணி நாடாவுக்குப் பண்ண வேண்டாம், நாடாவை எரிச்சிருங்க. கத்திரி, மொளகாய்க்கு ஊனலாம்னு எடுத்து வைக்கறவங்க கண்டிப்பா இதைப் பண்ணணும், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி, நோயும் ஒண்ணுக்கொண்ணு போகும். ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, பத்துப் பத்தா கட்டி, தரையில படாம ரெண்டு செங்கல் மேல, மழை படாத தாவாரத்துல படுக்க வச்சிருங்க. அடுத்த பட்டத்துக்கு எடுக்கறப்போ மறுபடி முழங்கால்ல வச்சு வளைச்சுப் பாத்துட்டு ஊனுங்க.